கரிசல் சாலையில் வண்டிப் பந்தயம்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த வானம் பார்த்த பிரதேசத்தில், மழை பெய்தால் சக்கரத்தைக் கவ்விக்கொள்வதும் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதுமான கரிசல் மண்ணை நம்பி ஜீவனம் நடத்திய சம்சாரிக்கு, நிலத்துக்கு அடுத்தபடியான சொத்து ஒரு ஜோடி காளையும் ஒரு வண்டியுமே. ஐப்பசியில் விதைத்த கருங்கண்ணிப் பருத்தி மாசியில் வெடிக்கத் தொடங்கி, சித்திரை வரையில் எடுப்பு நடக்கும். எடுத்த பருத்தியைப் பொதியாகக் கட்டி ஏற்றிக்கொண்டு, வெயிலுக்கு அஞ்சி, அச்சுக்கு அடியில் லாந்தர் தொங்க, இரவெல்லாம் வரிசையாக விருதுநகர்ப் பேட்டைக்குச் செல்வது வழக்கம். அருப்புக்கோட்டைக்கு ரயில் பாதை வந்ததே 1960-களில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய தலைமுறைகளின் வியாபாரம் முழுவதையும் காளைகளின் கழுத்தே சுமந்தது என்பது விளங்கும்.

அறுவடை ஓயத் தொடங்கி, வண்டிக்கு வேலை குறைந்து, ஊருக்கு ஊர் மாரியம்மன் பொங்கல் நடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே மாட்டு வண்டிப் பந்தயத்தின் பருவமாகவும் இருப்பது தற்செயல் அன்று. யார் மாடு முந்தும் என்று பேட்டைச் சாலையில் எழுந்த போட்டியே பின்னர்த் தெய்வத்தின் பெயரால் திருவிழாச் சம்பிரதாயமாக உருவெடுத்தது என்று கருதுவதில் பிழை இராது. கொங்கு நாட்டு ரேக்ளாவில் ஒவ்வொரு வண்டியும் இருநூறு, முந்நூறு மீட்டர் ஓடக் கடிகாரம் பார்த்து நேரம் குறிக்கிறார்கள்; தென்பாண்டிச் சீமையிலோ வண்டிகள் ஒன்றுகூடிப் புறப்பட்டு, பொதுச்சாலை வழியே குறித்த எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கிலோமீட்டர் வழக்கத்துக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தூரத்தை இன்றும் மைல் கணக்கிலேயே சொல்கிறார்கள். பல்லும் உயரமும் பார்த்துப் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, மாட்டுக்குத் தக்கபடி தூரத்தை வகுக்கிறார்கள்.

பந்தயத்தின் வித்தை முழுவதும் எல்லையில் திரும்பும் அந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது. இடப்பக்கம் திரும்பும் வண்டியில், இடத்தைக் காளை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கால் மாற்றிச் சுழல வேண்டும். வலத்தைக் காளையோ முழு வேகத்தில் வட்டமிட வேண்டும். பூட்டாங்கயிறு இறுகாமலும் நுகத்தடி சாயாமலும் சாரதி ஒரு கயிற்றைப் பிடித்து மறு கயிற்றைத் தளர்த்த, துணைச் சாரதி கீழே குதித்துக் காளையின் பக்கமாக ஓடுவான். பருத்திக்கொட்டை அரைத்து ஊட்டி, கண்மாயில் நீச்சலடிக்க விட்டு, மாதக்கணக்காகப் பழக்கிய பழக்கம் அங்கேதான் பலிக்கும் அல்லது பொய்க்கும். பரிசாகக் கிடைக்கும் குத்துவிளக்கையும் ரொக்கத்தையும் உரிமையாளர் பெற்றாலும், சாரதிக்கென்று தனிப் பரிசு வைத்திருப்பது அந்த வித்தைக்கு ஊர் செலுத்தும் மரியாதை.

இந்த வழக்கத்துக்கு நேர்ந்த சோதனையும் இதன் சரித்திரத்தில் சேர்ந்ததே. இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கோயில் விழாவில் வண்டிப் பந்தயம் நடத்த அனுமதி வேண்டிய மனுவின் மீதுதான், 2006 மார்ச் மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பந்தயத்தோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடுத்தது. ஜல்லிக்கட்டைப் பற்றியே நாடு பேசினாலும், வழக்கின் பிறப்பிடம் வண்டிப் பந்தயமே. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தடை செய்தது. தடையை எதிர்த்த 2017 ஜனவரியின் மக்கள் எழுச்சிக்குப் பின் தமிழக அரசு சட்டத்தைத் திருத்த, அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 மே 18-இல் தீர்ப்பளித்தது.

தடையை விரும்பியவர்கள் கூறியதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தார்க்கம்பின் ஆணியும் வாலை முறுக்கும் கையும் பந்தயத்துக்குப் பெருமை சேர்த்ததில்லை. காளையை நேசித்த கிழவர்கள் அவற்றை என்றுமே மெச்சியதும் இல்லை. ஆயினும் ஏரை டிராக்டரும் பாரத்தை லாரியும் எடுத்துக்கொண்ட பிறகு, புலிக்குளம் முதலான நம் பக்கத்து மாட்டினங்களின் ஆண் கன்றுகளை அடிமாட்டுச் சந்தைக்கு அனுப்பாமல் வளர்ப்பதற்கு இங்கே எஞ்சியிருக்கும் முகாந்தரங்களில் முக்கியமானது இப்பந்தயமே. ஆகவே விழாக் கமிட்டியார்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆணிக் கம்புக்கு இடமே கொடாதீர்கள், கால்நடை மருத்துவர் பார்க்காத மாட்டைப் பூட்ட விடாதீர்கள், வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். காளையை வருத்தாத பந்தயத்துக்கே இனி இந்த மண்ணில் நீடிக்கும் உரிமை உண்டு.