தறி பூட்டிய கைகள்: கைத்தறி நெசவில் ஆயத்த வேலையின் வரலாறு

தமிழகத்தின் நெசவு வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் தறியிலிருந்தே தொடங்கியுள்ளனர். சான்றுகளின் இயல்பே இதற்குக் காரணமாகும். சோழர் காலக் கல்வெட்டுக்களிலே காணப்படும் ‘தறியிறை’யும், பிற்காலக் கல்வெட்டுக்கள் கூறும் ‘தறிக்கடமை’யும் தறியை அடிப்படையாகக் கொண்டு விதிக்கப்பட்ட வரிகளாகும். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கணக்கேடுகள் நெசவுக்கு வழங்கிய முற்பணத்தையும் வரவேண்டிய துணியையும் பதிந்து வைத்தன. அரசனுக்கும் வணிகனுக்கும் புலப்பட்டவை தறியும் துணியுமே. ஆயின் தறியிலே துணி தோன்றுவதற்கு முன் நூல் கடந்துவர வேண்டிய வழி நீண்டதாகும். அவ்வழியிலே உழைத்த கைகள் யாருடையவை? அவ்வுழைப்பு ஏன் கணக்கில் ஏறவில்லை? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவ்வேலையின் அளவை நோக்குதல் வேண்டும். 45 அங்குல அகலமும் அங்குலத்துக்கு 60 இழையும் கொண்ட சாதாரண பருத்தித் துணியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பாவில் 2,700 இழைகள் இருக்கும். பாவின் நீளம் 25 யார் எனின் வேண்டிய நூல் 67,500 யார், அதாவது ஏறத்தாழ 38 மைல் ஆகும். ஒரு கழியில் 840 யார் நூல் இருப்பதால், இது சுமார் 80 கழிகளுக்குச் சமமாகும். 40ஆம் இலக்க நூலில் இதன் நிறை இரண்டு இறாத்தல் மாத்திரமே. கையிலே தூக்கிச் செல்லக்கூடிய அந்த இரண்டு இறாத்தல் நூலைத் தறியில் ஏறத்தக்க பாவாக்குவதே ஆயத்த வேலையாகும்.

கழி நூலை நனைத்து, சாயம் வேண்டின் சாயமேற்றி, உலர்த்தி, இராட்டையிற் சுற்றுவது முதற்படி. நிலத்திலே நட்ட முளைகளுக்கிடையே நூலை ஏந்தி முன்னும் பின்னுமாக நடந்து பாவோடுவது அடுத்த படி. ஒவ்வோர் இழையாக இடுவதாயின் மேற்கூறிய பாவுக்கு 38 மைல் நடக்க வேண்டும். ஒரே நடையிற் பல இழைகளை இடும் முறைகள் இந்நடையைக் குறைத்தனவேயன்றி ஒழிக்கவில்லை. இழைகளின் வரிசை குலையாதிருக்க அவற்றை ஒன்றுவிட்டொன்றாக மாற்றிக் கோல்களிலே பிரித்து வைப்பர். இவ்வொழுங்கு கலைந்தால் முழுப் பாவுமே பயனற்றதாகிவிடும்.

அதன்பின் பாவு தெருவுக்கு வரும். விடியற்காலையிலே அதனைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பெரிய தூரிகையினால் நீவி, ஒட்டிய இழைகளைப் பிரித்துவிடுவர். வெயில் ஏறுமுன் இவ்வேலை முடிதல் வேண்டும். மழை பெய்தால் அன்றைய வேலை இல்லை. ஒரு குடும்பத்தினால் மாத்திரம் இதனைச் செய்தல் இயலாதாகையால் அயலவரும் கைகொடுப்பர். நெசவாளர் குடியிருப்புக்களின் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருப்பதன் பொருளை இங்கேதான் உணர்தல் கூடும். அத்தெரு போக்குவரத்துக்குரிய வழியாக இருந்தது போலவே வேலைத்தலமாகவும் விளங்கியது.

இறுதியாகப் பாவு தறிக்குச் செல்லும். புதிய தறியாயின் 2,700 இழைகளையும் ஒவ்வொன்றாக விழுதின் கண்ணிலும் அச்சின் இடைவெளியிலும் கோத்தெடுத்தல் வேண்டும். பழைய பாவின் எச்சம் தறியில் இருப்பின், அதன் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய இழை முனையைச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பர். கண்ணும் விரலும் ஒருங்கே கூர்மையாக இருக்கவேண்டிய இவ்வேலையிற் பெண்களின் பங்கு பெரிதாகும். ஊடைக்குரிய நூலைத் தாரிலே சுற்றிக் கொடுப்பது சிறுவர்க்கும் முதியோர்க்கும் உரியதாயிற்று. இவ்வளவும் நிறைவேறிய பின்னரே தறிக்குழியில் அமர்ந்தவன் முதலாவது ஊடையை ஓட்டினான். துணி அவனது பெயரால் விலைபோயிற்று. கூலியும் அவனது பெயருக்கே வந்தது.

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை எவ்வாறு பாதித்தது என்பது அடுத்து நோக்கற்பாலது. 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 19ஆம் நூற்றாண்டில் இயந்திர நூல் பெருமளவில் இந்தியாவை அடைந்தபோது கையால் நூற்ற பெண்கள் தம் வருவாயை இழந்தனர். நெசவு முற்றாக அழியவில்லை. இயந்திர நூலைக் கொண்டே கைத்தறிகள் தொடர்ந்து இயங்கின. ஆலைத் துணியோடு போட்டியிட்டு அவை நிலைத்தமைக்கு நெசவாளனின் திறமையும் சந்தையின் தனித்தன்மையும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இவை உண்மையே. எனினும், வீட்டாரின் கூலியற்ற ஆயத்த உழைப்பும் துணியின் விலையைத் தாழ்த்தி வைத்தது என்பதை இவற்றோடு சேர்த்தல் அவசியமாகும். பறக்கும் நாடா கைத்தறிக்கு வந்தபோது நெய்யும் வேகம் கூடியது. தார் சுற்றுவோரின் வேலையும் அதற்கேற்பக் கூடியது. கருவி ஒருவனின் கையை விரைவாக்கியது. ஏனையோரின் கைகளை அது விடுவிக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே சென்னை அரசாங்கம் சேலத்தில் நடத்திய நெசவுச்சாலை இதற்கு ஒரு சிறந்த சான்றாகும். அல்பிரட் சாட்டர்டன் முன்னின்று நடத்திய அம்முயற்சி, நெசவாளரை ஒரே கூரையின் கீழ்த் திரட்டிப் பறக்கும் நாடாத் தறிகளில் வேலை வாங்க முயன்றது. நெசவாளரோ மனைவி மக்களின் துணையோடு தம் வீட்டிலே நெய்வதையே விரும்பினர். நெசவுச்சாலையின் நேர ஒழுங்கை அவர்கள் வெறுத்தனர். 1910இல் இந்தியா மந்திரி மோர்லி பிரபு, அரசு தானே கைத்தொழில் நடத்துவதை ஏற்க மறுத்தார். அத்தோடு அம்முயற்சி முடிவுற்றது. நெசவாளரின் இம்மனப்பாங்கைப் பழைமைப்பற்று என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் வீட்டை விட்டு வெளியேறும் நெசவாளன் இழப்பது தன் விருப்பத்துக்கேற்ப வேலைசெய்யும் உரிமையை மாத்திரமன்று. அவனது கூலிக்கு அடித்தளமாயிருந்த குடும்ப உழைப்பையும் அவன் இழக்கின்றான். அவ்வகையில் அவனது மறுப்பு பொருளாதாரக் கணக்கொன்றின் விளைவே எனலாம். கைத்தறி, ஆலைத் தொழில்களை ஆராய்வதற்கு இந்திய அரசு அமைத்த குழு 1942இல் அளித்த அறிக்கையிலே துணைத் தொழிலாளர் தனியாகக் கணக்கிடப்பட்டனர். அவர்களின் தொகை நெசவாளரின் தொகையை விஞ்சியிருந்தது.

இலங்கையின் கீழ்க்கரையை நோக்கும்போதும் இவ்வினா எழுகின்றது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் நெசவு வீட்டோடு பிணைந்த தொழிலாகவே வளர்ந்தது. 1970 - 1977 காலப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்த் துணிக்குச் சந்தை அளித்தன. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கையினால் இறக்குமதித் துணி குவிந்தமையும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அக்கிராமத்தைத் தாக்கியமையும் தொழிலைப் பெரிதும் நலிவுறச் செய்தன. இழப்பைத் தறிகளின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு அளக்குமிடத்து, ஒரு தறி நின்றபோது அதற்குப் பாவோடியவளும் தார் சுற்றியவளும் வேலை இழந்தமை எங்கும் பதிவாவதில்லை. அன்று வரி விதித்த மன்னனின் கணக்குமுறையே இன்றைய நிவாரணக் கணக்கிலும் தொடர்கின்றது.

பாவுருளைகளும் ஆலையிற் கஞ்சியிட்ட பாவும் வந்தபின் இவ்வேலையின் ஒரு பகுதி வீட்டைவிட்டு நீங்கியமை உண்மையே. விடியற்காலைத் தெருவேலையின் கடுமையிலிருந்து பெண்கள் விடுபட்டமை வரவேற்கத்தக்கதே. அதேவேளை, அவ்வேலை கூலிக்குரியதாக மாறியபோது அக்கூலி அவர்களைச் சென்றடைந்ததா என்பது வேறு வினாவாகும். ஆகவே, நெசவு வரலாற்றை ஆராய்வோர் ஓர் ஊரில் எத்தனை தறிகள் இருந்தன என்று கேட்பதோடு, ஒவ்வொரு தறியையும் எத்தனை கைகள் பூட்டின என்றும் கேட்டல் வேண்டும். கல்வெட்டும் கணக்கேடும் இதற்கு விடை தரா. பாவோடிய மூதாட்டியர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் மறைவதற்கு முன் அவர்களிடம் கேட்டறிந்து பதிவுசெய்தல் வரலாற்று மாணவரின் உடனடிக் கடமையாகும்.