வளைவில் வலது கை: சோழவரம் முதல் ஓசூர் வரை

தொரப்பள்ளி என்றதும் ராஜாஜி பிறந்த ஊர் என்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பக்கத்து ஊரான ஓசூருக்கோ பைக் வரலாற்றில் தனி இடம் உண்டு. இந்தியாவின் முதல் இருவர் செல்லும் மொபெட்டான டிவிஎஸ் 50, 1980-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. 1982-ல் டிவிஎஸ் பந்தய அணியும் தொடங்கப்பட்டது.

அப்போது பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே உள்ள, இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம். நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் வளைவு. முழு வேகத்தில் வந்து, பிரேக் பிடித்து, கியரைக் குறைத்துத் திரும்ப வேண்டும்.

அன்றைய டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் இங்கேதான் சிக்கல். அவற்றின் முழு சக்தியும் அதிகச் சுழற்சியில், ஒரு குறுகிய எல்லைக்குள்தான் கிடைக்கும். பெரிய கியரில் வளைந்தால் வெளியே வரும்போது வண்டி இழுக்காது. மிகச் சிறிய கியரில் வளைந்து ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று முறுக்கினால் பின் டயர் வழுக்கிவிடும். டயரின் பிடி என்பது பையில் உள்ள காசு மாதிரி. வளைவதற்கே பெரும்பகுதி செலவாகிவிட்டால், முறுக்குவதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால்தான் கியரை வளைவுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டு, வண்டி நிமிர நிமிர ஆக்ஸிலேட்டரைத் திறக்க வேண்டும். நடுவில் திடீரென்று மூடினாலும் ஆபத்துதான். எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஒரு வளைவில் செய்த தவறு அடுத்த வளைவிலும் தொடரும்.

பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் காலம். இதில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அவசரமாகக் கியர் குறைத்தால் பின் சக்கரம் துள்ளும். கிளட்சை விடுவதற்கு முன் ஆக்ஸிலேட்டரை ஒரு முறை லேசாக முறுக்கி, என்ஜின் வேகத்தைச் சக்கர வேகத்தோடு சேர்த்துவிடுவதுதான் இதற்கு வழி. 2017-ல் வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2019-ல் ஸ்லிப்பர் கிளட்ச் கிடைத்தது. அந்தத் துள்ளலை இப்போது கிளட்சே குறைத்துவிடுகிறது. 2023-ல் வந்த ஆர்டிஆர் 310-ல் வளைவிலும் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு வசதியும் உண்டு.

ஆனால் எந்தக் கருவியாலும் டயரின் பிடியைக் கூட்ட முடியாது. பந்தயத் தடத்தில் தவறினால் ஓரத்தில் காலி இடம் இருக்கும். எதிரே யாரும் வரமாட்டார்கள். கிருஷ்ணகிரி சாலையில் மணலும் இருக்கும், லாரியும் வரும். அங்கே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம். சோழவரத்தில் வென்றவர்களும் அதைத்தான் முதலில் செய்தார்கள்.