அறுக்கப்பட்ட மெர்குரி

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று அது எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவரத்தான் பாடுபடுவார்கள். ‘ஹிரோஹாட்டா மெர்க்’ என்ற கார் விஷயத்தில் அந்த வழி உதவாது. தொழிற்சாலை கொடுத்த உருவத்தை அறுத்துப் போட்டதில்தான் அதன் பெருமையே இருக்கிறது.

1951 மாடல் மெர்குரி. உரிமையாளர் பாப் ஹிரோஹாட்டா, தெற்குக் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர். 1952இல் லின்வுட்டில் இருந்த பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் வண்டியை விட்டார். ஜார்ஜ் பாரிஸ் ஊரறிந்த பெயர்; தகர வேலையில் அசல் கைகாரர் அவர் அண்ணன் சாம். கூரையை அறுத்து முன்பக்கம் நான்கு அங்குலம், பின்பக்கம் ஏழு அங்குலம் தாழ்த்தினார்கள். கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கிய தூணையே எடுத்துவிட்டார்கள். பக்கவாட்டில் 1952 ப்யூக்கின் குரோமியப் பட்டை. அதற்கு மேலே வெளிர்பச்சை, கீழே கரும்பச்சை. நம் டிங்கர்கள் பட்டி பூசும் இடத்தில் அந்தக் காலத்துக் கலிஃபோர்னியப் பட்டறைகள் காரீயத்தை உருக்கிப் பூசி அரத்தால் ராவின. ஒட்டுப்போட்ட இடம் எதுவென்று தேடினாலும் அகப்படாத அந்த நேர்த்திக்கு ஈடாக இன்றைய வேலைகளில் நான் எதையும் கண்டதில்லை.

இவ்வளவு இழைத்த காரை ஹிரோஹாட்டா பொத்திப் பொத்தி வைக்கவில்லை. 1953இல் கேடிலாக் எஞ்சின் பூட்டி இண்டியானாபொலிஸ் வரை ஓட்டிப் போனார். அந்தப் பயணத்தைப் பத்திரிகையில் எழுதவும் செய்தார். 1955இல் ‘ரன்னிங் வைல்ட்’ என்ற திரைப்படத்தில் கார் தலைகாட்டியது. பிறகு கைமாறிக் கைமாறி மவுசு இழந்தது.

1959இல் ஜிம் மக்நீல் என்ற பதின்வயது இளைஞர் 500 டாலருக்கு அதை வாங்கினார். பாரிஸ் பட்டறையின் எத்தனையோ படைப்புகள் காயலான் கடைக்குப் போன காலத்தில் இது பிழைத்தது இவரால்தான். தினசரி ஓட்டினார், பிறகு கொட்டகையில் நிறுத்தினார், கேட்டு வந்தவர்களுக்கு விற்க மறுத்தார். காரின் பெயரில் ஹிரோஹாட்டாவுக்குப் பக்கத்தில் மக்நீலுக்கும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

பாட் கனால் என்ற வாகன எழுத்தாளர் தூண்டியதால், 1980களின் இறுதியில் மக்நீல் புதுப்பிக்கத் துணிந்தார். பணக்காரர் அல்லர், கை வேலையும் நண்பர்களின் உதவியுமாக ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பாரிஸ் பட்டறையில் வேலை பழகிய ஹெர்ஷல் கான்வே வண்ணம் அடித்தார். திரும்ப வந்தது 1951இன் மெர்குரி அல்ல, ஹிரோஹாட்டா ஓட்டிய பச்சைக் கார்.

2015இல், செல்வந்தர்களின் தொன்மைக் கார்கள் அணிவகுக்கும் பெபிள் பீச்சில் அது பரிசு வாங்கியது. 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறி, வாஷிங்டனின் ‘நேஷனல் மால்’ திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொதுமக்கள் பார்வைக்கு நின்றது. மக்நீல் மறைந்தபின், 2022 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலம் விட்டார்கள். கட்டணம் உட்பட 21,45,000 டாலருக்குப் போனது.