குந்தாணியில் ஒரு பங்காளிச் சண்டை

ரஷ்யர்களின் பழைய சரித்திரத்தைப் புரட்டினால் நமக்குத் தலை சுற்றும். கீவ் நகரிலிருந்து ரூஸ் நாட்டை ஆண்ட யாரோஸ்லாவ், 'அறிவாளி' என்று பெயரெடுத்தவர். 1054-ல் கண்ணை மூடுமுன் நாட்டை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்து, 'ஒற்றுமையா இருங்கப்பா' என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனார். இருந்தார்களா? 1097-ல் வாரிசுகள் ஒன்றுகூடி, 'அவரவர் அப்பன் சொத்து அவரவருக்கு' என்று சத்தியம் செய்துகொண்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் வசீல்கோ என்ற இளவரசனைப் பிடித்து, கண்களைத் தோண்டிவிட்டார்கள் சொந்தக்காரர்கள்!

இப்போது, அப்படியே நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் வாருங்கள். யாரோஸ்லாவ் இறந்து சரியாக 200 வருடம் கழித்து, 1254-ல், ஹொய்சள மன்னர் சோமேஸ்வரன் அதே காரியத்தைச் செய்தார். இரண்டு ராணிகள், ஆளுக்கொரு மகன். துவாரசமுத்திரமும் (இன்றைய ஹளேபீடு) கன்னட நாடும் மூன்றாம் நரசிம்மனுக்கு. சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரும் தமிழ்ப் பகுதியும், கூடவே கோலாரும் இராமநாதனுக்கு. பாகப்பிரிவினை முடிந்தது. சண்டை ஆரம்பித்தது!

சோமேஸ்வரனையே பாண்டியர்கள் போரில் கொன்றுவிட்டார்கள். அடுத்து வந்த குலசேகர பாண்டியன், 1279 வாக்கில் இராமநாதனைக் கண்ணனூரிலிருந்து விரட்டினார். காவிரிக்கரை போச்சு. கீழே பாண்டியன், மேலே அண்ணன் தம்பி முறை உள்ள எதிரி. எங்கே போவது? இராமநாதன் தேர்ந்தெடுத்த இடம்தான் குந்தாணி.

இன்று நாகரசம்பட்டியிலிருந்து ஓசூர் தொழிற்சாலைகளுக்குக் கிளம்புகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த வட்டாரத்தில் ஒரு ஹொய்சளத் தலைநகரம் இருந்தது என்று? மைசூர் மேட்டு நிலம் முடிந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்குகிற விளிம்பு இது. மலை காவலாக நின்றது. இங்கே உட்கார்ந்துகொண்டு நரசிம்மனோடு மல்லுக்கு நின்றார் இராமநாதன். அவர் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் கோலாரிலும் பெங்களூரைச் சுற்றியும் கிடைத்திருக்கின்றன. எல்லைக்கோடு போட்டு மொழியைப் பிரித்ததெல்லாம் நம் காலத்துச் சமாசாரம்!

நரசிம்மனுக்கும் நிம்மதி இல்லை. 1276-ல் தேவகிரி யாதவர்களின் படை துவாரசமுத்திரம் வரை வந்துவிட்டது. வாசலில் வெளியாள் நிற்கும்போதும் பங்காளிகள் ஒன்று சேர்ந்த பாடில்லை.

1295-ல் இராமநாதன் மறைந்தார். மகன் விஸ்வநாதன் சில வருடங்களே தாக்குப்பிடித்தார். 1300 வாக்கில் நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் இரண்டு துண்டையும் ஒன்றாக ஒட்டினார். ஒட்டிய கையோடு, 1301-ல், குந்தாணிச் சீமைக் கோயில்களுக்கு வரிகளைத் தள்ளுபடி செய்து உத்தரவு போட்டார். 45 வருடச் சண்டைக்கு யாரிடமிருந்து பணம் வந்திருக்கும்? அந்த உத்தரவைப் படித்தால் ஊகிக்கலாம்.

இத்தோடு வல்லாளன் பாடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டாமோ? மதுரையில் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டபோது, ஆதாயம் தேடிப் படையோடு தெற்கே கிளம்பினார். அந்த நேரம் பார்த்து, 1311-ல், மாலிக் காபூர் துவாரசமுத்திரத்துக்கு வந்து நின்றார். ஓடோடித் திரும்பிய வல்லாளன், யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் கொடுத்துப் பணிய வேண்டியதாயிற்று. ரூஸ் இளவரசர்களும் இப்படித்தான் பிரிந்து கிடந்தபோது, 1240-ல் மங்கோலியர் கீவைச் சூறையாடினார்கள்.

வல்லாளன் அதன் பிறகும் 30 வருடம் விடாமல் போராடினார். 1342-ல், எண்பது வயதுக்கு மேல், மதுரை சுல்தானோடு மோதிப் பிடிபட்டார். அவரைக் கொன்று, தோலுக்குள் வைக்கோலை அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக எழுதியிருக்கிறார் பயணி இபன் பதூதா.

வல்லாளன் முற்றுகையிட்டுத் தோற்ற கோட்டை எது தெரியுமா? கண்ணனூர். பாகப்பிரிவினையில் இராமநாதனுக்குக் கிடைத்து, பங்காளிகள் காப்பாற்றத் தவறிய அதே கண்ணனூர்!