பகுதி முழங்கால் மாற்று

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கான அறுவை சிகிச்சை. முழங்காலில் உட்புறம், வெளிப்புறம், சில்லுக்குப் பின்புறம் என மூன்று பகுதிகள் உண்டு. தேய்மானம் பெரும்பாலும் உட்புறத்தையே முதலில் தாக்கும். நாளடைவில் கால் வில்லாக வளைவது இதனால்தான். தேய்ந்த பகுதியில் மட்டும் உலோகமும் பாலிஎத்திலீனும் பொருத்தி, மற்றதை விட்டுவைப்பது பகுதி மாற்று. முழு மாற்றில் தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு இரண்டின் முனைகளும் முழுவதுமாகச் சீவப்படும். முன்புற ஜவ்வும் பொதுவாக அகற்றப்படும்.

ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவர் ஜான் குட்ஃபெலோவும் பொறியாளர் ஜான் ஓகானரும் 1970களில் வடிவமைத்த, நகரும் திண்டுள்ள செயற்கை மூட்டு அவ்வகையில் முன்னோடி. பிரிட்டனில் 528 நோயாளிகளிடம் நடந்த டாப்காட் ஆய்வு (லான்செட், 2019), ஐந்தாண்டு முடிவில் இரு முறைகளின் பலனும் ஏறக்குறைய ஒன்றே எனக் கண்டது. செலவு பகுதி மாற்றில் குறைவு. மூட்டு மாற்று அறுவைகளைத் தொகுக்கும் பதிவேடுகளிலோ பகுதி மாற்றுக்கே மறு அறுவை அதிகம். இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது: வலி நீடித்தால் பகுதி மாற்றை முழு மாற்றாக்குவது எளிது என்பதால் மருத்துவர்கள் தயங்காமல் மறுபடி கத்தி எடுக்கிறார்கள். பகுதி மாற்றை அரிதாகச் செய்யும் மருத்துவர்களிடம் தோல்வியும் கூடுதல். முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பகுதி மாற்று பொருந்தாது.