குடிநீரும் அரசினர் கடமையும்: ஹாம்பர்க் நகரத்துச் சரித்திரம்

குடிகளுக்கு நேரும் துன்பத்திற்கு அரசனே விடைகூறக் கடவன் என்பது தமிழ்நாட்டின் தொன்றுதொட்ட கொள்கையாகும். தவறாகத் தீர்ப்புரைத்த பாண்டியன், தன் தவற்றை உணர்ந்த அளவிலே அரியணையில் வீழ்ந்து உயிர் நீத்தான் என்னும் வரலாற்றை நம் சிறுவரும் அறிவர். ஆயினும், கொள்ளை நோய் வந்து ஊரைச் சூறையாடுங்கால், அதனை விதியென்றும் தெய்வ கோபமென்றும் சொல்லி அமைவதே நெடுங்கால வழக்கமாயிற்று. நோய்க்கும் அரசினர்க்கும் யாது தொடர்பு என்று வினவுவார் இன்றும் உளர். அவ்வினாவிற்குச் சரித்திரம் அளித்த தெளிவான விடையொன்று உண்டு. ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரில் 1892-ஆம் ஆண்டில் நிகழ்ந்த அச்செய்தியை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

ஹாம்பர்க் என்பது எல்ப் நதிக்கரையில் அமைந்த பெருந்துறைமுகம். ஜெர்மன் பேரரசினுள் அடங்கியதாயினும், தன் உள்நாட்டுக் காரியங்களைத் தானே நடத்தும் உரிமை பெற்ற நகரரசு அது. 1892-இல் அங்கு ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்தனர். நகரை ஆண்டது செனட் என்னும் சபை. அதற்குத் துணையாகக் குடிமக்கள் மன்றம் ஒன்றும் இருந்தது. அம்மன்றத்தின் 160 இடங்களில் 80 இடங்களே பொதுத்தேர்தலால் நிரம்பின. 40 இடங்கள் வீட்டுச் சொந்தக்காரர்க்கும், மற்றைய 40 இடங்கள் நீதிபதிகள் முதலிய உயர்பதவியாளர்க்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பொதுத்தேர்தலிலும் வாக்களிக்க வேண்டின் கட்டணம் செலுத்திக் குடியுரிமை பெறுதல் வேண்டும். ஆதலின் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளர்க்கும் ஏனை ஏழையர்க்கும் நகராட்சியிற் பெரும்பாலும் குரலே இல்லை. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோமாக.

1842-இல் நேர்ந்த பெருந்தீயால் அந்நகரின் பெரும்பகுதி அழிந்தது. அதன் பின்னர் வில்லியம் லிண்ட்லி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த திட்டப்படி, 1848 முதல் எல்ப் நதியின் நீர் குழாய் வழியாக வீடுகட்கு வந்தது. அக்காலத்து அது வியக்கத்தக்க பணியே. ஆயினும் அந்நீர் தேக்கங்களிற் சிறிது தெளியவிடப்பட்டதன்றி வடிகட்டப்படவில்லை. கடல் ஏற்றத்தின்போது ஆற்றுநீர் பின்னோக்கித் தள்ளப்பட, நகரின் கழிவும் நீரெடுக்கும் இடத்தை அணுகக்கூடியதாயிருந்தது. குழாய்களிற் சிறு பிராணிகளும் புழுக்களும் வருதலை ஜனங்கள் கண்டே இருந்தனர்.

ஹாம்பர்க்கை ஒட்டியே அல்டோனா என்னும் மற்றொரு நகரம் இருந்தது. அது பிரஷ்ய அரசிற்கு உட்பட்டது. அந்நகரம் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருந்தமையால், ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த நீரையே அது எடுக்க நேர்ந்தது. ஆயினும் அந்நகரத்தார் 1859 முதலே மணற்படுகைகளின் வழியாக நீரை மெல்லச் செலுத்தி வடிகட்டியே குடித்தனர். மணலின் மேற்பரப்பிற் படியும் மெல்லிய பாசிப்படலம் நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் இயல்பினது.

அத்தகைய வடிகட்டியை ஹாம்பர்க்கில் அமைக்கும் யோசனை எழாமலில்லை. பன்முறை எழுந்தது, பன்முறை ஒத்திவைக்கப்பட்டது. செலவை யார் தாங்குவது, வீடுதோறும் நீரளக்கும் கருவி வைப்பதா என்பன பற்றிச் செனட் சபையாரும் வீட்டுச் சொந்தக்காரரும் வாதித்தனர். 1873-இல் வாந்திபேதி வந்து போயிற்று, வாதம் முடிந்தபாடில்லை. முடிவாக 1890-இல் வடிகட்டி அமைக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் வேலை முடியுமுன் நோய் வந்துவிட்டது.

அறியாமையால் நேர்ந்த பிழை இதுவெனச் சிலர் கூறலாம். மூனிச் நகரத்துப் பெட்டன்காபர் என்னும் பேராசிரியர், வாந்திபேதி நிலத்தின் தன்மையால் தோன்றுவது, குடிநீரால் மட்டும் பரவுவதன்று என்று போதித்ததும், ஹாம்பர்க் வைத்தியர் பலர் அவர் கொள்கையைத் தழுவி நின்றதும் உண்மையே. ஆயினும் 1884-லேயே ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர், நம் நாட்டுக் கல்கத்தா நகரின் குளமொன்றின் நீரில் அந்நோயின் கிருமியைக் கண்டு உலகிற்கு அறிவித்திருந்தார். மேலும் அல்டோனாவின் வடிகட்டி கூப்பிடு தூரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்துகொண்டிருந்தது. கற்க விரும்பினார்க்குப் பாடம் பக்கத்திலேயே இருந்தது.

1892 ஆகஸ்டு மாதம் கடுங்கோடை. மாதத்தின் நடுவில் நோய் தலைகாட்டியது. வைத்தியர் சிலர் ஐயுற்றனர். கிருமியைச் சோதித்து உறுதி செய்வதிற் சில நாட்கள் கழிந்தன. நோயுண்டென்று வெளியிட்டால் துறைமுகத்திற்குக் கப்பல் வாராது, வாணிகம் குன்றும் என்னும் அச்சம் ஆள்வோர் உள்ளத்தைப் பிணித்தது. ஏறத்தாழ ஒரு வாரம் வீணே சென்ற பின்னரே, நோய் இன்னதென அறிவிக்கப்பட்டது. அறிவிப்பதற்கு முன்னர் அத்துறையினின்று புறப்பட்ட மொராவியா என்னும் கப்பல், அம்மாத இறுதியில் நியூயார்க் சேர்ந்தபோது, வழியில் 22 பேர் இறந்திருந்தனர். அவ்வொரு வாரத்தில் ஜனங்கள் காய்ச்சாத நீரைக் குடித்துக்கொண்டே இருந்தனர் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் பதைக்கின்றது.

பேரரசின் சார்பாகக் கோக் ஆகஸ்டு 24-ஆம் தேதி வந்து, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த குறுகிய சந்துகளை நேரிற் கண்டார். பின்னர்ப் பள்ளிகள் மூடப்பட்டன. காய்ச்சிய நீர் தெருத்தோறும் வழங்கப்பட்டது. நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்னும் துண்டுப் பத்திரங்களை வீடு வீடாகக் கொடுத்தற்கு, அதுகாறும் தாம் பகையெனக் கருதிய தொழிலாளர் கட்சியாரின் உதவியையே ஆள்வோர் நாட வேண்டியதாயிற்று. வாக்குக் கொடாதவரிடமே கைநீட்டும் நிலை வந்தது.

சில வாரங்களில் ஏறக்குறைய 17,000 பேர் நோயுற்று, 8,600-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அஃதாவது ஆயிரவர்க்குப் பதின்மூவர். அல்டோனாவிலோ, ஆயிரவர்க்கு இருவரளவே இறந்தனர். அவருள்ளும் பலர் ஹாம்பர்க்கிற்கு வேலைக்குச் சென்று நோய் கொண்டவர். இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருவொன்றில், ஹாம்பர்க் நீர் குடித்த பக்கத்தில் நோய் பரவியது; அல்டோனா நீர் குடித்த பக்கம் தப்பியது. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே அல்டோனாக் குழாயில் நீர்பெற்ற குடியிருப்பு ஒன்றிலும் நோய் புகவில்லை. வானம் ஒன்று, மண் ஒன்று, காற்று ஒன்று. நீர் மட்டுமே வேறு. விதியென்று சொல்லி அமைவார்க்கு இத்தெருவே மறுமொழி. இறந்தோரிற் செல்வரினும் வறியரே விகிதத்தில் மிக்கவர் என்பதும் கருதத்தக்கது. செல்வர்க்கு நீர் காய்ச்சித்தர வேலையாட்கள் இருந்தனர். ஊரைவிட்டு நீங்கவும் இடமிருந்தது.

ஆண்டாண்டுகளாக முடியாத வடிகட்டி வேலை, இரவு பகலாக நடந்து 1893 மே மாதத்தில் முடிந்தது. முன்னரே முடித்திருக்கலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? 1896-இல் குடியுரிமைக் கட்டண முறை தளர்த்தப்பட்டு, குறித்த வருமானத்திற்குத் தொடர்ந்து வரி செலுத்தியவர் கட்டணமின்றியே வாக்குரிமை பெற்றனர். 1900-இல் கொள்ளை நோய்களை உடனே அறிவித்தல் கட்டாயமென்று பேரரசு முழுமைக்கும் சட்டம் பிறந்தது. ஆயினும் 1906-இல் ஹாம்பர்க் ஆள்வோர் வருமானத்தைக் கொண்டு வாக்காளரை வகைப்படுத்தி, ஏழையரின் வாக்கு வலிமையை மீண்டும் குறைத்தனர். பெற்ற உரிமையும் காவாதாரிடம் நில்லாது என்பதை இது காட்டுகின்றது.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளும் கருத்து ஒன்றே. செலவைத் தாங்குவோரும் நோயைத் தாங்குவோரும் வெவ்வேறானவராய், முன்னவர் கையிலேயே அதிகாரம் முழுதும் இருக்குமாயின், நாளை நாளையென்று கடமை தள்ளிப்போகும். துன்புறுவோர் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றவிடத்தே அது விரைவில் நடைபெறும்.

நம் நாட்டில் அவ்வுரிமை ஏட்டளவில் உள்ளது. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீரளிக்கும் பொறுப்பை உள்ளூர் ஆட்சி மன்றங்களின் மேற் சுமத்தியது. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்தல் அரசின் தலையாய கடமைகளுள் ஒன்றென்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு கூறுகின்றது. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரில், சாக்கடை நாற்றத்தால் துன்புற்ற ஒரு தெருவார் நீதிமன்றம் ஏறினர். பணமில்லை என்று நகரசபை கைவிரித்தது. ஹாம்பர்க்கார் சொன்ன அதே சாக்கு. 1980-இல் உச்சநீதிமன்றத்து நீதிபதி கிருஷ்ணய்யர், பணமின்மை கடமை தவறுதற்குக் காரணமாகாது எனத் தீர்த்து, காலவரை குறித்து வேலையை முடிக்குமாறு பணித்தார். அத்தெருவார் பெருஞ்செல்வரல்லர், அயராமல் கேட்டவர்.

ஆதலின் அன்பர்களே! நம் ஊர்க் குழாய்நீர் எப்பொழுது சோதிக்கப்பட்டது, மேல்நிலைத்தொட்டி எப்பொழுது தூய்மை செய்யப்பட்டது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து உளதா என்பவற்றை ஒவ்வொருவரும் கேட்டறிதல் வேண்டும். நம்மவர் தெருவிற்கு மட்டுமன்று, குரலற்றோர் வாழும் அடுத்த தெருவிற்கும் சேர்த்தே கேட்டல் வேண்டும். நீரும் நோயும் குலம் பார்ப்பதில்லை. பணிவுடன் கேட்போம், எழுத்தில் கேட்போம், விடை வருந்துணையும் கேட்போம். வாந்திபேதி வந்தபின் அழுவதினும், வருமுன் வினவுதலே நன்மக்கட்கு அழகாம்.