பத்துப் பெட்டியும் ஒரு பீரோவும்

பொங்கல் லீவுக்குத் தூத்துக்குடி போனபோது அம்மா எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார்கள். படுக்கையறை பீரோ. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த பீரோவின் இடது பக்கக் கதவை அதற்கப்புறம் யாருமே சரியாகத் திறக்கவில்லை. "எது வேணும், எது வேண்டாம்னு நீயே பாத்து எடுத்துருய்யா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

இணையத்தில் எல்லாரும் சொல்கிற முறைப்படியே ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் வெளியே எடு, 'வேணும்' ஒரு குவியல், 'வேண்டாம்' ஒரு குவியல். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 'வேண்டாம்' குவியலில் நாப்தலின் உருண்டை சுற்றியிருந்த காகிதமும் காலாவதியான இருமல் மருந்தும் மட்டும்தான் இருந்தன. மற்றதெல்லாம் கட்டில் மேல். துறைமுக வேலைக்கு அப்பா போட்டுப்போன காக்கிச் சட்டைகள், அலுவலக டைரிகள், மை வற்றிய பேனாக்கள், ரெண்டு பழைய கண்ணாடி.

வேலை ஓடாதபோது எதையாவது படிக்கப் போவது என் வியாதி. அன்றைக்குக் கையிலிருந்த சாவியிலிருந்தே தொடங்கினேன்.

'சாவி' போர்ச்சுகீசியச் சொல். அவர்கள் மொழியில் 'சாவெ'. 'அலமாரி'யும் அவர்களுடையதுதான், மூலம் 'அர்மாரியோ'. அதற்கும் பின்னால் போனால் லத்தீன் 'அர்மாரியும்', ஆயுதமும் கருவியும் வைக்கிற பெட்டி. சட்டையிலிருக்கும் 'பொத்தான்', முகம் துடைக்கும் 'துவாலை', 'மேசை', 'ஜன்னல்' எல்லாம் அதே கப்பலில் வந்தவை. ஒரு படுக்கையறையை நின்ற இடத்திலிருந்து ஒரு சுற்று பார்த்தால் பாதிப் பொருளின் பெயர் லிஸ்பனிலிருந்து வந்திருக்கிறது!

இந்தச் சொற்கள் தமிழுக்குள் நுழைந்தது ஒரே வாசல் வழியாக அல்ல. கொச்சி, நாகப்பட்டினம், மயிலாப்பூர் என்று பல இடங்களில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் வரை பழக்கம் போன இடங்களில் எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு முக்கிய இடம் உண்டு. 1530களில் பரதவர் கத்தோலிக்கத்தைத் தழுவினார்கள், 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்தார், 1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடிக்கும் வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த உறவு நீடித்தது. இந்தியிலும் 'அல்மாரி', மலையாளத்தில் 'அலமார', சிங்களத்தில் 'அல்மாரிய'. கடலோரம் எங்கும் ஒரே மரச்சாமான், ஒரே பெயர்.

அதுக்கு முன்னாடி துணிமணியை எங்கே வைத்தார்கள்? நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. பெட்டி, பேழை, பெட்டகம் இருந்தன. பூட்டு இருந்தது, திறவுகோலும் இருந்தது (அதைத்தான் 'சாவி' புத்தகத்துக்குள் தள்ளிவிட்டது). தினமும் உடுத்துவது மூலையில் கட்டிய கொடியில் தொங்கும். சின்னச் சாமான் மாடக்குழியில், அபூர்வமாகத் தேவைப்படுவது பரண் மேல், மற்றது பனை ஓலைக் கொட்டானிலும் நார்ப்பெட்டியிலும். மணப்பாடு பக்கம் இன்றைக்கும் ஓலைப்பெட்டி முடைகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கதவு கிடையாது. இருப்பது கண்ணில் படும், நிறைந்தால் தெரிந்துவிடும்.

பீரோ கதை வேறு. அது பிரெஞ்சுச் சொல். முதலில் ஒருவகை முரட்டுக் கம்பளித் துணியின் பெயரிலிருந்து பிறந்து, பிறகு அந்தத் துணி விரித்த எழுதுமேசை, பிறகு அந்த மேசை இருக்கும் அலுவலகம் என்று நகர்ந்தது. நம்மிடம் வந்து துணி வைக்கிற இரும்புப் பெட்டியாக நின்றுவிட்டது. துணியில் தொடங்கித் துணியிலேயே முடிந்த சொல்! பூட்டு செய்து கொண்டிருந்த கோத்ரெஜ் 1923-ல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கிய பிறகு, கல்யாணச் சீரில் பீரோ இடம்பிடிக்கும் காலமும் வந்தது. எங்கள் வீட்டு பீரோவும் அம்மாவோடு சீராக வந்ததுதான்.

இதெல்லாம் சுவாரசியம்தான், ஆனா கட்டில் மேல் இருக்கிற குவியல் அப்படியே இருக்கே? அப்போதுதான் முத்து பிரிக்கும் முறை நினைவுக்கு வந்தது. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்தவர். மன்னார் வளைகுடா முத்து, சங்கு குளிப்பு பற்றி 1890-ல் அவர் வெளியிட்ட குறிப்புகளை ரொம்ப நாள் முன்னால் படித்திருந்தேன்.

சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, பல முறை கழுவி, முத்தைப் பொறுக்கி எடுப்பார்கள். கிடைப்பது பெரிசு, சிறிசு, கோணல், மங்கல் எல்லாம் கலந்த ஒரு பிடி. அதை வியாபாரி 'நல்லது, கெட்டது' என்று பிரிப்பதில்லை. பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருப்பார். அவற்றின் பெயரே 'பெட்டி'. முதல் பெட்டியில் 20 ஓட்டை, பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. ஓட்டை எண்ணிக்கை கூடக் கூட ஓட்டையின் அளவு சிறுக்கும். 20-ல் தங்குவது பெரிய முத்து. விழுவது அடுத்த பெட்டிக்குப் போகும்.

இது முடிந்த பிறகுதான் தரம் பார்ப்பது. உருட்சி, ஒளி, நிறம் பார்த்து ஒவ்வொரு அளவுக்குள்ளும் மறுபடி பிரிப்பார்கள். குறையில்லாதது ஆணி. உருவம் கெட்டவற்றுக்குக் குறுவல், பீசல் என்று தனித்தனிப் பெயர். எல்லாவற்றிலும் பொடி, தூள். அப்புறம் மஞ்சாடிக் கணக்கில் எடை, கடைசியாக விலை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அச்சு அசல் பக்கெட் சார்ட். முதல் கீ அளவு, இரண்டாவது கீ தரம்.

நான் கவனித்தது ஒன்று. இந்த ஏற்பாட்டில் 'குப்பை' என்று ஒரு பெட்டி இல்லை. தூளுக்கும் விலை உண்டு, சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம் ஆகும். இந்தப் பழக்கம் பழசும்கூட. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் காலத்தில் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் கணக்கெழுதியபோது வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று முத்துகளை வகைவகையாகப் பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். சாமிக்குக் கொடுத்ததில் கரடுமுரடானதும் ஒட்டிப் பிறந்ததும் இருந்ததை மறைக்கவில்லை.

என் தப்பு புரிந்தது. இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு 'வேணுமா வேண்டாமா' என்று கேட்டால், அப்பாவின் ஒவ்வொரு சட்டையிடமும் அப்பா வேண்டுமா என்று கேட்பதாகத்தான் ஆகும். கை எப்படி ஓடும்? முடிவு எடுப்பது கடைசி வேலை. முதல் வேலை பெயர் வைப்பது.

அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி தொடங்கினேன். முதல் சுற்றில் எதையும் தூக்கிப்போடுவதில்லை என்று பேச்சு. காகிதம், உடுப்பு, கருவி, சில்லறை என்று நாலாகப் பிரித்தோம். பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும். பென்ஷன் தாளும் வீட்டுப் பத்திரமும் ஆணி, அவை பூட்டுக்குள். நல்ல சட்டை எட்டு தேறியது. தெருமுனையில் பாதுகாவலர் வேலை பார்க்கிறவருக்கு அளவு சரியாக இருக்கும் என்று அம்மாவே சொன்னார்கள். கிழிந்தவை அடுப்படிக்குக் கரித்துணி. டைரிகளில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். கப்பல் பெயரும் வந்த நேரமும்தான் அதிலிருக்கும், இருந்தாலும் அது அப்பா கையெழுத்து. மற்றவை பழைய பேப்பர்காரருக்கு. சாயங்காலத்துக்குள் இடது பக்கம் முழுக்கக் காலி.

மிஞ்சியது ஒரு கை அளவு. பேனா மூடி, கண்ணாடி, நின்றுபோன வாட்ச், எதற்கென்றே தெரியாத ஒரு சாவி. "இது தூள்மா" என்றேன். அம்மா ஒரு ஓலைக் கொட்டானை எடுத்து வந்து அதில் போட்டு, பீரோவுக்குள் வைக்காமல் ஜன்னல் திண்டில் வைத்தார்கள். மூடி போடவில்லை.

இந்த மன்னார் வளைகுடாவில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. அந்தச் சல்லடைகளைக் கையாண்டவர்கள் இன்று அநேகமாக இல்லை. உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் பிரித்து வைப்பதற்கு இருந்த பழைய பெயர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுதி வையுங்கள்.